ஜிகா: ஒரு வைரஸைப் பற்றிய ஆய்வு எப்போது பெருகுகிறது, எப்போது வற்றுகிறது?

பப்மெட் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. உலகெங்கும் வெளியாகும் மருத்துவ ஆய்வுக்கட்டுரைகளின் விவரங்களை அதில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். ஜிகா என்பது முக்கியமாகக் கொசுக்கடியால் பரவும் ஒரு வைரஸ். தேடல் பெட்டியில் அதன் பெயரை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். கட்டுரைகளின் பட்டியலோடு, ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டை வரைபடமும் வரும். எந்த ஆண்டில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்பதை அது காட்டும்.

ஜிகாவின் வரைபடம் பார்க்கவே விசித்திரமாக இருக்கும். 1952-ல் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. சில ஆண்டுகளில் ஒரு கட்டுரைகூட இல்லை. திடீரென்று 2016-ல் செங்குத்தாக எழும்புகிறது. அதற்கு முந்தைய காலம் முழுவதும் வந்தவற்றைக் கூட்டினாலும் சில நூறு கட்டுரைகளைத் தாண்டாது. 2016 என்ற ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கும் மேல் வந்தன. 2017-லும் அதே வேகம். அதன்பின் இறக்கம்.

வைரஸ் 2016-ல் பிறக்கவில்லை. அது 1947-லேயே கண்ணில் பட்டுவிட்டது. அப்படியென்றால் இந்த வரைபடம் எதை அளக்கிறது? நோய் எவ்வளவு பரவியது என்பதை அல்ல, நோயைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் அல்ல. எத்தனை பேர், எவ்வளவு பணத்தோடு, எந்தப் பயத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதைத்தான் முதன்மையாக அளக்கிறது. ‘ஆய்வுப் போக்கு’ என்று செய்திகளில் அடிபடுவதைப் புரிந்துகொள்ள ஜிகாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தொடக்கம், உச்சம், இறக்கம் மூன்றும் அதில் பளிச்சென்று தெரிகின்றன.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ‘புதிதாகத் தலைதூக்கும் வைரஸ் நோய்’ என்று சொன்னால் வைரஸே புதியது என்று நினைத்துவிடுகிறோம். சில நேரம் அது உண்மை: 1998-99-ல் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் வெடித்த நிபா அதுவரை மருத்துவ உலகம் அறியாதது. ஆனால் பல நேரங்களில் வைரஸ் பழையதுதான். புது ஊருக்கு வந்திருக்கும், அல்லது அதுவரை யாரும் கவனிக்காத ஒரு பாதிப்பை உண்டாக்கத் தொடங்கியிருக்கும். ஜிகா இரண்டாவது வகை.

குரங்கு எண் 766

உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில் என்டெபி என்ற நகரம். அங்கே 1936-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் காட்டுக்குள் எப்படிச் சுற்றுகிறது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. அதற்காக ரீசஸ் குரங்குகளைக் கூண்டில் வைத்து, ஜிகா என்ற காட்டில் மரங்களின் மேல் கட்டிய மேடைகளில் விட்டார்கள். கொசு கடிக்கட்டும், குரங்குக்குக் காய்ச்சல் வரட்டும், இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என்பது திட்டம்.

1947 ஏப்ரலில் 766 என்று எண்ணிடப்பட்ட குரங்குக்கு உடம்பு சுட்டது. அதன் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை எலிகளின் மூளையில் செலுத்தினார்கள், எலிகள் நோயுற்றன. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அல்ல. 1948 ஜனவரியில் அதே காட்டில் பிடித்த ஏடிஸ் ஆப்பிரிக்கானஸ் கொசுக்களிலும் அது கிடைத்தது. ஜார்ஜ் டிக், ஸ்டூவர்ட் கிச்சன், அலெக்சாண்டர் ஹேடோ மூவரும் இதை 1952-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வரைபடத்தின் முதல் புள்ளி அது.

இதில் கவனிக்க வேண்டியது: ஜிகாவை யாரும் தேடிப் போகவில்லை. இன்னொரு நோய்க்கு ஒதுக்கிய பணத்தில், இன்னொரு வைரஸுக்கு விரித்த வலையில் வந்து விழுந்தது. அந்தக் கால வைரஸ் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது. பிடி, பெயர் வை, எந்தப் பிராணியில் இருக்கிறது என்று பார், எந்தெந்த நாட்டு மனிதர்களின் இரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடி (தொற்றை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம்) இருக்கிறது என்று சோதி. நம் புனேயில் 1952-ல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையமும் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்) அந்தக் கூட்டத்தில் ஒன்று. இந்தியர்கள் சிலரின் இரத்தத்தில் ஜிகாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதாக 1954-லேயே ஒரு கட்டுரை வந்துவிட்டது.

1964-ல் உகாண்டாவில் ஜிகா ஆய்வில் இருந்த ஒரு விஞ்ஞானிக்கே தொற்று வந்தது. லேசான காய்ச்சல், தலைவலி, உடம்பெங்கும் தடிப்பு, சில நாளில் சரி. அதை அவரே கட்டுரையாக எழுதினார். இப்படி 2007 வரை மருத்துவ ஏடுகளில் பதிவான மனித நோயாளிகள் மொத்தம் 14 பேர்தான். பதினான்கு பேர், எல்லோருக்கும் லேசான நோய், ஒருவரும் சாகவில்லை. இந்த நிலையில் ஒரு நாடு தன் ஆராய்ச்சிப் பணத்தை மலேரியாவுக்கோ காசநோய்க்கோ கொடுக்குமா, ஜிகாவுக்கா? ‘அறுபது வருஷம் உலகம் தூங்கியது’ என்று பின்னால் எழுதினார்கள். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. அன்று கையில் இருந்த தகவலுக்கு அந்த அலட்சியம் நியாயமானதே. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: பதினான்கு பேர்தான் பதிவானார்கள் என்பதால் பதினான்கு பேருக்குத்தான் வந்தது என்று நம்பியதில்.

யாப் தீவு சொன்னது

2007-ல் பசிபிக் பெருங்கடலில் மைக்ரோனீசியாவின் யாப் தீவுகளில் தடிப்பும் மூட்டுவலியும் கண் சிவப்புமாக ஒரு நோய் பரவியது. ஏழாயிரம் பேர் வாழும் சின்ன இடம். உள்ளூர் மருத்துவர்கள் டெங்கு என்று சந்தேகித்தார்கள்; டெங்கு சோதனையும் சிலருக்கு ஆமாம் என்றது. ஆனால் நோயின் போக்கு டெங்கு மாதிரி இல்லை. மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின, ஜிகா என்று தெரிந்தது.

டெங்கு சோதனை ஏன் ஏமாற்றியது? ஜிகாவும் டெங்குவும் ஒரே வைரஸ் குடும்பம். அண்ணன் தம்பி முகச்சாயல் போல, ஒன்றுக்கு எதிராக உடல் தயாரித்த ஆன்டிபாடி இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளும். டெங்கு ஏற்கெனவே நிறைய பேருக்கு வந்துபோன ஊரில் ஜிகாவை இரத்தச் சோதனையால் பிரித்தறிவது இன்றைக்கும் தலைவலிதான். 1954-ன் அந்த இந்தியக் கட்டுரையைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்: அந்த ஆன்டிபாடிகளில் எத்தனை உண்மையில் ஜிகாவுடையவை?

யாப்பில் ஆராய்ச்சியாளர்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணவில்லை. குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போய், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் இரத்தம் எடுத்தார்கள். உறுதியான நோயாளிகள் 49 பேர். இரத்தக் கணக்கின்படியோ, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இல்லை. அறுபது ஆண்டுகளாகப் பதினான்கு நோயாளிகளை வைத்துப் பேசிய ஒரு வைரஸ், ஒரு தீவில் மட்டும் சில மாதங்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

வரைபடத்தில் யாப் ஒரு சின்ன மேடு. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்த ஓர் ஆய்வு தந்த தகவல், பின்னால் வந்த பல நூறு கட்டுரைகளுக்கு ஈடு என்பேன்.

அடுத்து வந்தவையும் சின்னச் சின்ன மேடுகள்தான். செனகலில் கொசு ஆய்வை முடித்துக்கொண்டு 2008-ல் கொலராடோ திரும்பிய ஒரு விஞ்ஞானிக்கு ஜிகா வந்தது. ஊரைவிட்டே போகாத மனைவிக்கும் வந்தது. உடலுறவு மூலம் பரவியிருக்கலாம் என்று 2011-ல் எழுதினார்கள். கொசுவால் பரவும் வைரஸுக்கு இது கேள்விப்படாத விஷயம். அன்று பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 2013-14-ல் பிரெஞ்சு பாலினீசியாவில் பெரிய பரவல். அங்கே கியான்-பாரே என்ற நரம்பு நோயும் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டது, 42 நோயாளிகள். அந்த 42 பேரை ஒப்பிட்டு ஆராய்ந்த கட்டுரை எப்போது வெளியானது தெரியுமா? 2016-ல். பிரேசில் பற்றிக்கொண்ட பிறகுதான்.

ரெசிஃபேயில் ஒரு கணக்கு

2015 தொடக்கத்தில் பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் தடிப்பும் காய்ச்சலும் பரவின. என்ன நோயென்று பிடிபடவில்லை. ஏப்ரல் இறுதியில் பஹியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் கூபியோ சோரெஸ், சில்வியா சார்டி இருவரும் அது ஜிகா என்று கண்டார்கள். லேசான நோய் என்று பெயர் வாங்கியதாயிற்றே, பெரிய பதற்றம் எழவில்லை.

சில மாதம் கழித்து, பெர்னாம்புகோ மாநிலத்தின் ரெசிஃபே நகர மருத்துவமனைகளில் தலை மிகச் சிறுத்த குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறக்கத் தொடங்கின. குழந்தை நரம்பியல் மருத்துவரான வனெசா வான் டெர் லிண்டனும், அவரைப் போலவே குழந்தை நரம்பியல் மருத்துவரான அவர் அம்மா அனாவும் வெவ்வேறு மருத்துவமனைகளில் ஒரே மாதிரிக் குழந்தைகளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூளையின் படங்களும் வழக்கமான சிறுதலைப் பாதிப்பு போல இல்லை. பக்கத்து மாநிலமான பராய்பாவில் அட்ரியானா மெலோ என்ற மகப்பேறு மருத்துவர் இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரைச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டிலும் ஜிகா. 2015 நவம்பர் 11 அன்று பிரேசில் அரசு தேசிய சுகாதார நெருக்கடியை அறிவித்தது.

இங்கேதான் ஆய்வு என்பதற்கு என்ன பொருள் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தாய்க்கு ஜிகா வந்தது, குழந்தைக்குத் தலை சிறுத்தது. ஆகவே ஜிகாதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. அந்த ஆண்டு அந்த ஊரில் ஏகப்பட்ட பேருக்கு ஜிகா வந்திருக்கிறது. நல்லபடியாகப் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களுக்கும் வந்திருக்கலாம். தவிர, எண்ணிக்கையே ஆட்டம் கண்டது. நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்றளவு 33 செ.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பதிவு செய் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அந்த அளவில் ஆரோக்கியமான குழந்தைகளும் நிறைய உண்டு. டிசம்பரில் அதை 32 ஆகக் குறைத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் மாறினால் நோயாளிகளின் எண்ணிக்கை தலைகீழாகும். இதற்கிடையில், ஜிகா இல்லை, குடிநீரில் கலக்கும் கொசுப்புழு மருந்துதான் காரணம் என்று ஒரு வதந்தி. தடுப்பூசிதான் காரணம் என்று இன்னொன்று.

செலினா துர்ச்சி என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் ரெசிஃபேயில் ஒரு குழுவைத் திரட்டினார். அவர்கள் கையாண்டது பழைய, எளிய முறை. தலை சிறுத்துப் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், அதே பகுதியில் கிட்டத்தட்ட அதே நாளில் நல்லபடியாகப் பிறந்த இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வது. இரு தரப்புக்கும் ஒரே சோதனை. ஒரு தரப்பில் மட்டும் வைரஸின் தடயம் கூடுதலாக இருக்கிறதா? 2016-ல் வெளியான முதற்கட்ட முடிவு: பாதிக்கப்பட்ட 32 குழந்தைகளில் 13 பேரிடம் ஜிகா உறுதியானது, ஒப்பீட்டுக்கு எடுத்த 62 குழந்தைகளில் ஒருவரிடம்கூட இல்லை. 2018-ல் வந்த இறுதி முடிவில் 91-க்கு 32, மறுபுறம் 173-க்குப் பூஜ்யம். கொசுப்புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது.

இந்தப் பூஜ்யத்துக்கு இருக்கிற கனம் பெரிது. ஆயிரம் கருத்துரைகள் சொல்ல முடியாததை இரண்டு நிரல் எண்கள் சொல்லிவிடுகின்றன.

ஆனால் இது மட்டும் போதவில்லை. வேறு திசைகளிலிருந்தும் சான்றுகள் வந்தன. பிரேசிலின் நதால் நகரில் கர்ப்பமான ஒரு பெண் ஐரோப்பா திரும்பியிருந்தார். கருவின் மூளையிலேயே ஜிகா வைரஸ் இருந்ததை ஸ்லோவேனியாவின் ஆய்வாளர்கள் 2016 பிப்ரவரியில் காட்டினார்கள். மூளைச் செல்களாக வளரப்போகும் ஆரம்பநிலைச் செல்களை ஜிகா குறிவைத்துத் தாக்குகிறது என்று மார்ச்சில் அமெரிக்க ஆய்வகங்கள் காட்டின. ஸ்டெம் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த, பட்டாணி அளவே உள்ள மூளை மாதிரிகள் ஜிகாவால் வளர்ச்சி குன்றிப்போவதை ரியோ டி ஜெனிரோவில் பாட்ரீசியா கார்செஸ் குழு பார்த்தது. மார்ச் இறுதியில் பர்டியூ பல்கலைக்கழகம் வைரஸின் உருவத்தையே வெளியிட்டது. குழந்தைகள், கரு, செல், எல்லாம் ஒரே விரலை நீட்டின. 2016 ஏப்ரல் 13 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் ஜிகாதான் காரணம் என்று உறுதிபட எழுதினார்கள். நெருக்கடி அறிவித்து ஐந்தே மாதம். மருத்துவ வரலாற்றில் இது அசாத்திய வேகம்.

அந்த உயரமான பட்டைக்குள் என்ன இருக்கிறது

2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நெருக்கடியை அறிவித்தது. ஆகஸ்டில் ரியோவில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. போகலாமா வேண்டாமா என்று உலகம் முழுக்கப் பேச்சு. கர்ப்பிணிகளும் கருவும் சம்பந்தப்பட்டதால் பயம் இரண்டு மடங்கு. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த உயரம்.

ஒரு நல்ல மாற்றமும் அப்போது நடந்தது. வழக்கமாக ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதி, சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு, இதழில் வெளிவர மாதக்கணக்கில் ஆகும். நெருக்கடி காலத்தில் தரவுகளை முன்கூட்டியே வெளியிட்டால் அதற்காகக் கட்டுரையை நிராகரிக்க மாட்டோம் என்று பெரிய இதழ்களும் நிதி நிறுவனங்களும் 2016 பிப்ரவரியில் கூட்டாக அறிவித்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓ'கானர் குழு, குரங்குகளில் செய்த ஜிகா சோதனையின் அளவீடுகளை வர வர இணையத்தில் போட்டது. நான்கு ஆண்டு கழித்து கொரோனா காலத்தில் நாம் கண்ட ப்ரீபிரிண்ட் (மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை) வெள்ளத்துக்கு ஜிகா ஓர் ஒத்திகை.

சரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. எல்லாம் புதுத் தகவலா? இல்லை. பப்மெட்டின் எண்ணிக்கையில் தலையங்கம், ஆசிரியருக்குக் கடிதம், முன்பு வந்ததைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை எல்லாம் சேரும். தொடக்க மாதங்களில் அப்படிப்பட்டவை ஏராளம். புதிதாக அளந்தவை குறைவு. ஓரத்திலேயே வடிகட்டிகள் இருக்கின்றன. மருத்துவச் சோதனை என்ற பெட்டியைத் தட்டிப் பாருங்கள், ஆயிரங்கள் பத்துகளாகச் சுருங்கிவிடும். ஒரு நோயைப் பற்றி ‘இத்தனை ஆயிரம் ஆய்வுகள்’ என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை பேர் புதிதாக ஒன்றை எண்ணினார்கள் என்று கேட்கலாம்.

எந்த ஊர்ப் பெயர்கள் கட்டுரைகளின் தலையில் இருக்கின்றன என்பதும் பார்க்கத்தக்கது. காட்டில் கிடைத்த வைரஸுக்கு உகாண்டாவிலும், தீவில் பரவியதற்கு மைக்ரோனீசியாவிலும் மேற்கு நாட்டு ஆய்வாளர்கள்தான் எழுதினார்கள். பிரேசிலில் கதை மாறியது. கண்டுபிடித்தவர்களும் கேள்வி கேட்டவர்களும் கணக்குப் போட்டவர்களும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். நூறாண்டுப் பழமையுள்ள ஃபியோக்ரூஸ் போன்ற பொது ஆராய்ச்சி நிறுவனம் அவர்களிடம் இருந்தது. சொந்தமாக ஆய்வகம் வைத்திருந்த நாடு தன் நோயைத் தானே பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது.

பணம் வந்தது, நோய் போனது

ஒபாமா அரசு ஜிகாவுக்காக 190 கோடி டாலர் வேண்டுமென்று 2016 பிப்ரவரியில் கேட்டது. நாடாளுமன்றத்தில் இழுபறி. செப்டம்பர் இறுதியில் 110 கோடி கிடைத்தது. நவம்பர் 18 அன்று உலக சுகாதார நிறுவனம் நெருக்கடி முடிந்ததென்று அறிவித்தது.

நோய் ஏன் தணிந்தது? மருந்தோ தடுப்பூசியோ வந்து அல்ல. பிரேசிலின் சால்வடார் நகரில் பின்னர் செய்த இரத்த ஆய்வில் சுமார் 63 சதவீதம் பேருக்கு ஜிகா வந்துபோன அடையாளம் இருந்தது. யாப்பில் பார்த்த அதே கதை. வரவேண்டியவர்களில் பெரும்பாலோருக்கு வந்துவிட்டது. வைரஸுக்கு அடுத்து தாவ ஆள் போதவில்லை.

தடுப்பூசி ஆராய்ச்சிக்கு இது இடி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் டிஎன்ஏ தடுப்பூசி 2016 ஆகஸ்டில் மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனைக்கு வந்தது, 2017 மார்ச்சில் இரண்டாம் கட்டம். தடுப்பூசி வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஊசி போட்டவர்கள் ஒரு பக்கம், வெற்று ஊசி போட்டவர்கள் மறுபக்கம். நோய் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று எண்ண வேண்டும். நோயே வராவிட்டால் இரண்டு பக்கமும் பூஜ்யம். ரெசிஃபேயில் உயிர் காத்த அதே பூஜ்யம் இங்கே ஒன்றும் சொல்லாது. 2017 செப்டம்பரில் அமெரிக்க அரசு நிதியைக் குறைத்ததும் சனோஃபி நிறுவனம் தன் ஜிகா தடுப்பூசித் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே ஜிகாவைக் கொடுத்துச் சோதிக்கலாமா என்ற கேள்விக்கு, 2017-ல் ஒரு நெறிமுறைக் குழு இப்போதைக்கு வேண்டாம் என்றது. பிற்பாடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டுப்பாட்டோடு சிறிய அளவில் அதைச் செய்து பார்த்தார்கள். அனுமதி பெற்ற ஜிகா தடுப்பூசி இன்னும் இல்லை.

ஜிகாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. 2003-ல் ஒரு கொரோனா வகை வைரஸால் பரவிய சார்ஸ் அடங்கியதும் அதன் தடுப்பூசி வேலைகள் பாதியில் நின்றன. 2020-ல் கொரோனா வந்தபோது அதை நினைத்து வருந்தாதவர்கள் இல்லை. நிபாவின் சிக்கல் வேறு விதம். கேரளத்திலும் வங்கதேசத்திலும் அடிக்கடி தலைகாட்டுகிறது, வந்தவர்களில் பெரும்பாலோரைக் கொல்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் சில பேரோடு அடங்கிவிடுகிறது. வழக்கமான முறையில் தடுப்பூசியைச் சோதிக்கத் தேவையான எண்ணிக்கை ஒருபோதும் சேராது. இந்த மாதிரி நோய்களுக்கு அடுத்த பரவல் வருமுன்பே தடுப்பூசிகளை ஓரளவு தயாராக வைத்திருப்போம் என்றுதான் 2017 ஜனவரியில் செப்பி என்ற கூட்டணி தொடங்கப்பட்டது. நார்வேயோடு இந்தியாவும் அதை நிறுவிய நாடுகளில் ஒன்று.

இறக்கத்தில் கிடைத்தவை

2018-க்குப் பிறகு பட்டைகள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. 2015-க்கு முந்தைய நிலைக்குத் திரும்பவில்லை என்றாலும் ஆர்வம் குறைந்துவிட்டது என்று இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எனக்கென்னவோ இந்தப் பகுதிதான் அதிகம் பிடிக்கும். அவசரக்காரர்கள் போய்விட்டார்கள். காத்திருந்தால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்விகளை எடுத்தவர்கள் மிஞ்சினார்கள்.

டெங்கு வந்துபோனவர்களுக்கு ஜிகா வந்தால் ஆபத்து கூடுமா? 2016-ல் எல்லோரும் பயந்த கேள்வி. ஒரு டெங்கு வகைக்கு எதிரான ஆன்டிபாடி, இன்னொரு டெங்கு வகைக்கு வழிவிட்டு நோயை மோசமாக்குவது முன்பே தெரிந்ததுதான். சால்வடாரின் ஒரு குடிசைப்பகுதியில் பல ஆண்டுகளாகவே மக்களின் இரத்த மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த குழுவுக்கு 2019-ல் விடை கிடைத்தது: டெங்கு ஆன்டிபாடி அதிகம் இருந்தவர்களுக்கு ஜிகா வரும் வாய்ப்பு குறைவு. நல்ல செய்தி. மறுபுறம் நிகரகுவாவில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 2020-ல் எதிர்த்திசையைச் சொன்னார்கள்: முதலில் ஜிகா வந்தவர்களுக்குப் பின்னால் டெங்கு வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் ஜிகா தடுப்பூசி போட்டால் டெங்குவுக்கு என்ன ஆகும்? தடுப்பூசி தயாரிப்பவர்கள் இன்று உட்கார்ந்து யோசிக்கும் கேள்வி இது. உச்ச ஆண்டுகளில் எவ்வளவு பணம் கொட்டியிருந்தாலும் இதற்கு விடை கிடைத்திருக்காது. பரவலுக்கு முன்பே எடுத்துவைத்த இரத்தமும் பரவலுக்குப் பிறகு காத்திருந்த ஆண்டுகளும் வேண்டியிருந்தன.

பிரேசிலில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வும் இதே வகை. தலை அளவு சரியாக இருந்த சில குழந்தைகளுக்கும் பார்வையிலும் கேட்கும் திறனிலும் வளர்ச்சியிலும் குறைகள் பின்னால் தெரியவந்தன. ‘சிறுதலை’ என்பது இந்தப் பாதிப்பின் ஒரு முனை மட்டும் என்று புரிந்ததும் ‘பிறவி ஜிகா நோய்த்தொகுதி’ என்ற விரிந்த பெயர் நிலைத்தது. இவர்கள் பள்ளி வயதைத் தாண்டும் வரை பின்தொடர வேண்டும். அதற்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று நல்ல கட்டுரைகள் வந்தால் போதும். வரைபடத்தில் அது தெரியவே தெரியாது.

இந்தியாவில்

அகமதாபாதின் பாபுநகர் பகுதியில் மூன்று பேருக்கு ஜிகா இருந்ததை 2017 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஜூலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவர். 2018-ல் ஜெய்ப்பூரிலும் மத்தியப் பிரதேசத்திலும் நூற்றுக்கும் மேல், 2021-ல் திருவனந்தபுரம், கான்பூர், 2024-ல் புனே.

இங்கே ஏன் பிரேசில் மாதிரி ஆகவில்லை? 2017-ல் ஒரு சீன ஆய்வுக்குழு, ஜிகாவின் புரதம் ஒன்றில் 139-ஆம் இடத்தில் நடந்த ஒரே ஒரு மாற்றம்தான் அதை மூளைக்கு ஆபத்தானதாக மாற்றியது என்று எலிகளை வைத்துச் சொன்னது. ஜெய்ப்பூரின் வைரஸுடைய மரபணுவை புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தினர் படித்துப் பார்த்தபோது அந்த மாற்றம் அதில் இல்லை. அப்பாடா என்று தலைப்புச் செய்திகள் வந்தன. ஆனால் அந்த மாற்றம் இல்லாத ஆசிய வகையாலும் கருவுக்குப் பாதிப்பு வந்ததை தாய்லாந்திலிருந்து கிடைத்த சான்றுகள் காட்டிவிட்டன. எலியில் கண்ட அந்த விளக்கத்தையே மற்ற ஆய்வகங்கள் கேள்வி கேட்டன. ஆக, கர்ப்பிணிக்கு ஜிகா என்றால் இந்திய வகை, பிரேசில் வகை என்று பார்த்து நிம்மதியடைய இடமில்லை. தொடர்ந்து ஸ்கேன் எடுத்துக் கவனிப்பதுதான் மருத்துவர்கள் செய்வது.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுதான் நம்மூரில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிறது. காய்ச்சலும் தடிப்புமாக வருபவருக்கு முதலில் டெங்கு சோதனைதான் எடுப்பார்கள். அது இல்லையென்று வந்தால் ‘வைரல் காய்ச்சல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஜிகா சோதனைக்கு மாதிரியைத் தனியாக அனுப்ப வேண்டும், யாராவது சந்தேகப்பட்டால்தான் அது நடக்கும். கேரளத்தில் 2021-ல் ஒரு கர்ப்பிணிக்கு உறுதியான பிறகு தேடினார்கள், வரிசையாகக் கிடைத்தார்கள். தேடாத மாவட்டங்களின் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும். யாப் தீவில் செய்ததுபோல வீடு வீடாகப் போய், டெங்கு ஆன்டிபாடியோடு குழப்பிக்கொள்ளாத சோதனையை வைத்து, ஒரு மாநிலம் முழுக்க எண்ணிப் பார்த்தால் இந்தியாவில் ஜிகா எவ்வளவு என்பது தெரியும். வைரஸைப் பிடிக்கும் ஆய்வகங்கள் இப்போது நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன; அப்படியொரு கணக்கெடுப்புக்கு ஆளும் காசும் ஒதுக்குவதுதான் பாக்கி.